மில் இரைச்சலுக்கு அசையாதவள்

எனக்கு இந்த வருத்தம் (நோய்) முதல்முறை வந்த நேரம் என் கையில் ஆலாத்தித் தட்டு இருந்தது. அதற்கு வேறு நேரமா கிடைக்கவில்லை? நெல்லியடியில் ஒரு கலியாண மண்டபம். என் கணவரின் தமக்கை மகளுக்குச் சாமத்திய வீடு (பூப்புனித நீராட்டு விழா). சுமங்கலிகள் இருவர் தட்டைச் சேர்ந்து பிடித்து, வாழைப்பழத் துண்டுகளில் குத்திய திரிகளை ஏற்றி, பெண்ணுக்கு முன்னால் சுற்ற வேண்டும். அந்த இருவரில் நான் ஒருத்தி.

சுற்றத் தொடங்கியதும் உள்ளங்கை வேர்த்தது. நெஞ்சு இடித்தது. காது அடைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் கேக் வைத்த மேசைக்குக் கீழே இருந்தேன் என்பதுதான். என் கை பெண்ணின் பிடரியை நிலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தது. பிள்ளையின் தலைச் சோடனை நசிந்து போய்விட்டது. தட்டு கம்பளத்தில் கவிழ்ந்து கிடக்க, யாரோ திரியை மிதித்து அணைத்தார்கள். "மாமி, விடுங்கோ மாமி, நோகுது" என்று பிள்ளை அழுதுகொண்டிருந்தாள்.

அவளுடைய தாய், அதாவது என் மச்சாள், ஓடிவந்து என் விரல்களைப் பிரித்தெடுத்தார். "நேசம், உனக்கென்ன விசரே?" என்று சபை நடுவில் கேட்டார். கேள்வி நியாயமானது.

இப்படி ஏதாவது உங்களுக்கும் வந்து, என்னவென்று தெரியாமல் வீட்டுக்குள் ஒளித்துக்கொண்டு இருக்கிறீர்கள் என்றால், இது உங்களுக்காக எழுதுவது. இதமாக ஆறுதல் சொல்ல எனக்கு வராது. எங்கெங்கே அலைந்து நேரத்தை வீணாக்கினேன் என்பதைச் சொல்கிறேன். நீங்களாவது அந்த வழியால் போகாதீர்கள்.

முதலில் கண்ணூறு (கண் திருஷ்டி) என்றார்கள். நானும் என் கணவரும் சுன்னாகத்துப் பக்கம் ஒரு மில் வைத்திருக்கிறோம். வறுத்த மிளகாய், மல்லி, அரிசி எல்லாம் அரைத்துக் கொடுப்போம். கனடாவுக்குப் போகும் தூளில் பாதி எங்கள் மில்லால்தான் போகிறது என்று என் கணவர் பெருமை அடிப்பார். அது பொய். ஆனால் காலை தொடக்கம் பின்னேரம் வரை மிளகாய்த் தூளுக்குள் நிற்பது உண்மை. கண்ணூறு கழிக்க வந்த பெரியம்மா முறையான ஒருவர் செத்தல் மிளகாயை என் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டார். மிளகாய் கமறினால் கண்ணூறு இல்லை, கமறாவிட்டால் இருக்கிறது என்பது கணக்கு. வீட்டில் ஒருவருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை.

"பாத்தியளே, எவ்வளவு பெரிய கண்ணூறு!" என்றார் பெரியம்மா.

மிளகாய் மில் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு பிடி செத்தல் கமறுமா? எங்கள் மூக்குகள் செத்து எத்தனையோ காலம். இதை நான் சொன்னபோது, கண்ணூறு பட்டவர்கள் இப்படித்தான் எதிர்த்துக் கதைப்பார்கள் என்றார்கள். கையில் நூல் கட்டினார்கள். நூலும் மிளகாய்த் தூளில் சிவந்து போனது.

அடுத்ததாக இருதயம். ஈ.சி.ஜி. (நெஞ்சில் வயர்களை ஒட்டி இருதயத்தின் மின்துடிப்பைக் கடதாசியில் எடுக்கும் சோதனை) எடுத்தார்கள். நோர்மல். இரத்த அழுத்தம், சீனி, தைரொயிட் (கழுத்திலுள்ள சுரப்பி, அது கூடினாலும் நெஞ்சு இடிக்கும்) எல்லாம் நோர்மல். "உங்களுக்கு ஒண்டும் இல்லை அம்மா, சந்தோசமா வீட்டை போங்கோ" என்றார் ஒரு வைத்தியர். ஒன்றும் இல்லாமலா நான் ஒரு குமர்ப்பிள்ளையைக் கழுத்தில் பிடித்து அமுக்கினேன்? சோதனை எல்லாம் நல்லபடி வந்ததற்காக எரிச்சல் பட்ட ஆள் அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரியில் நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன்.

பிறகு கோயில் தேரன்று இரண்டாவது முறையும் வந்தது. தேர் இருப்பிடத்துக்குத் திரும்பும் நேரம், அத்தனை சனத்துக்குள் என் மகள் துளசியின் தலையைப் பிடித்து நிலத்தில் அமுக்கிவிட்டு அவளுக்கு மேல் நான் கவிழ்ந்து கிடந்தேன். பக்தியில் சாமி உரு வந்துவிட்டது என்று நினைத்து ஒருவர் என் மேல் விபூதி எறிந்தார்.

துளசி பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். முழங்கால் சிராய்ப்பைக் கழுவிக்கொண்டு கிணற்றடியில் வைத்துக் கேட்டாள். "அம்மா, அண்டைக்கும் இண்டைக்கும் விழ முதல் நீங்கள் மேலை பாத்தனீங்கள். தெரியுமே?"

"நான் ஒண்டையும் பாக்கேல்லை."

"பாத்தனீங்கள். ரெண்டு இடத்திலையும் மேலை ட்ரோன் கமரா நிண்டது."

இப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு கொண்டாட்டம் என்றால் ட்ரோன் இல்லாமல் நடக்காது. பிறந்தநாளுக்கும் அதுதான், பூப்புக்கும் அதுதான், புது வீடு குடிபூரலுக்கும் அதுதான். ஆகாயத்தில் இருந்து பார்த்தால் எங்கள் வழுக்கைகளும் வகிடுகளும் மட்டும்தான் தெரியும். அதை என்னத்துக்குப் படம் எடுக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆனால் மகள் சொன்னதும் எனக்கு வன்னி நினைவு வந்தது. அங்கே கடைசிச் சண்டைக் காலத்தில் எங்கள் தலைக்கு மேல் வேவு பார்க்க அப்படி ஒன்று நின்று இரைந்துகொண்டிருக்கும். சின்ன இரைச்சல்தான். அது வந்து வட்டமிட்டுப் போனால் பின்னால் செல் (எறிகணை) வரும் என்று எங்களுக்குத் தெரியும். துளசி அப்போது கைக்குழந்தை இல்லை, பெரிய பிள்ளையும் இல்லை. எட்டி எட்டிப் பார்க்கிற வயது. அவளுடைய தலையைப் பங்கருக்குள் (பதுங்குகுழிக்குள்) அமுக்கிப் பிடிப்பதுதான் என் முழுநேர வேலையாக இருந்தது. என் தம்பி கஞ்சி வாங்கி வருகிறேன் என்று வாளியோடு வெளியே போனான். மேலே அது சுற்றிக்கொண்டு நின்றது. அவன் திரும்பி வரவில்லை. இவ்வளவுதான் எழுதுவேன்.

"உளநலப் பகுதிக்குப் போவம்" என்றாள் துளசி. நான் மாட்டேன் என்றேன். அவள் என்னைவிடப் பிடிவாதக்காரி. கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த ஆஸ்பத்திரி விறாந்தையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே வாங்கில் (பெஞ்சில்) இருக்கிற ஒருவரும் தனக்காக வந்தவர் இல்லை. எங்கள் ஒழுங்கையில் (தெருவில்) இருக்கிற ஒருத்தி என்னைக் கண்டதும், "நான் கண் கிளினிக்குக்கு வந்தனான், வழி மாறிப் போச்சு" என்றாள். போன மாதமும் அவளுக்கு அங்கேதான் வழி மாறியிருக்கிறது, தாதி அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நான் மட்டும் என்ன, திறமோ? மகளுக்குத் துணையாக வந்தேன் என்று சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இருந்தேன்.

வைத்தியர் ஒரு இளம் பெண். என் வேலையைக் கேட்டார். மில் என்றதும் பேனாவை வைத்துவிட்டார்.

"மில்லுக்கை எவ்வளவு சத்தம்! அதுக்குப் பயம் வராதோ அம்மா?"

"அதுக்கேன் பயம்? அது என்ரை மெசின்."

"அப்ப சத்தம் பெரிசோ சின்னனோ எண்டதில்லைப் பிரச்சினை" என்றார். ஒரு துண்டுக் கடதாசியில் மூளையைப் படமாகக் கீறிக் காட்டினார். பார்த்தால் பலாக்கொட்டை மாதிரி இருந்தது.

அவர் சொன்னதை எனக்கு விளங்கிய மாதிரிச் சொல்கிறேன். மூளையின் ஆழத்தில் அமிக்டலா (பாதாம் பருப்பளவான பகுதி, ஆபத்து வருகிறதா என்று ஓயாமல் காவல் பார்ப்பது) என்று ஒன்று இருக்கிறது. காதில் விழுகிற சத்தம், நாங்கள் அறிந்து கேட்பதற்கு முதலே அதனிடம் போய்விடும். அது உடனே உடம்பை உசுப்பிவிடும். வேர்வை, நெஞ்சிடி, ஓட்டம் எல்லாம் அதன் வேலை. பக்கத்தில் ஹிப்போகாம்பஸ் (நடந்த விடயத்துக்கு இடமும் காலமும் சேர்த்துப் பதிந்து வைக்கும் பகுதி) இருக்கிறது. பெரிய நெருக்கீட்டுக்குள் அகப்பட்டவர்களுக்கு இந்தப் பதிவு ஒழுங்காக நடப்பதில்லை. அதனால் அந்த நினைவு பழையதாகாமல் அப்படியே கிடக்கும். நெற்றிக்குப் பின்னால் இருக்கிற முன்மூளை (யோசித்து, "பொறு, இது வேறு" என்று அடக்குகிற பகுதி) வந்து சேர முதல் காரியம் முடிந்துவிடும்.

இதற்குப் பெயர் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் (உயிருக்கு ஆபத்தான அனுபவம் முடிந்த பிறகும் உடம்பும் மூளையும் அது முடியாத மாதிரியே நடந்துகொள்வது). எத்தனையோ வருடம் அடங்கிக் கிடந்துவிட்டு ஒரு சத்தத்திலோ மணத்திலோ எழும்பலாம் என்றார். வன்னியில் கேட்ட சத்தம் கலியாண மண்டபத்துக்கு வரும் என்று நான் எங்கே கண்டேன்?

எனக்கு வந்தது கோபம்தான். பாதாம் பருப்பளவு சாமான், என்னைக் கேளாமல் என் கையைக் காலை ஆட்டுகிறது. அத்தனை வருடம் ஓடித் திரிந்து, பிள்ளையைப் படிப்பித்து, இருந்த இடத்தில் ஒரு மில்லையும் எழுப்பினோம். அதற்கு மட்டும் ஒரு சங்கதியும் தெரியாதாம். இன்னும் பங்கருக்குள்தான் இருக்கிறதாம்.

வைத்தியர் மேலும் கேட்டார். நித்திரை குறைவா? ஓம். திடுக்கிட்டு எழும்புவதுண்டா? ஓம். அடிக்கடி எரிச்சல், கோபம் வருமா?

"அதுவும் இந்த நோயின்ரை அறிகுறி அம்மா" என்றார்.

இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் கோபமும் வருத்தமாம்! என்னிடம் சொந்தமாக மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். எங்களோடு வந்து வாசலில் நின்ற என் கணவர் எட்டிப் பார்த்தார். வெளியாட்களுக்கு முன்னால் அதிகம் பேசாத மனிதர், அன்றைக்குப் பார்த்து வாய் திறந்தார். "இல்லை டொக்டர், இவ கலியாணத்தண்டைக்கே ஐயரை ஏசினவ. அது வன்னிச் சண்டைக்கு முந்தின கதை."

வைத்தியர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். என்றாலும் அந்தக் கேள்வி இன்னும் என்னை அரிக்கிறது. என்னில் எவ்வளவு நான், எவ்வளவு வருத்தம்? தாலி கட்டிய மனிதரிடம் சாட்சி கேட்கிற நிலைமை எனக்கு.

குளிசை (மாத்திரை) தந்தார்கள். செரட்டோனின் (மனநிலையைச் சீராக வைத்திருக்க உதவும் மூளை இரசாயனம்) சம்பந்தப்பட்டது. வேலை செய்யக் கிழமைக் கணக்கில் ஆகும் என்றார்கள். முதலில் வயிற்றைப் பிரட்டியது, பிறகு மெல்ல நித்திரை வந்தது. நித்திரை வந்ததும் சுகம் வந்துவிட்டது என்று நினைத்து நானாகவே குளிசையை நிற்பாட்டினேன். தலை சுற்றி, கைகால் பதறி, பழையபடி ஆஸ்பத்திரிக்கே வந்து சேர்ந்தேன். வைத்தியரைக் கேளாமல் நிற்பாட்டாதீர்கள். நான் படித்த படிப்பு உங்களுக்கு வேண்டாம்.

இந்த நேரத்தில்தான் துளசிக்குக் கலியாணம் பொருந்தியது. நல்ல பெடியன். கோயில் மண்டபத்தில் செய்வதென்று முடிவானது. மாப்பிள்ளை வீட்டாரின் வீடியோக்காரர் ட்ரோனோடு வருகிறாராம்.

எங்கள் முறைப்படி தகப்பன் மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைக்க, தாய் செம்பால் தண்ணீர் வார்த்துக் கொடுக்க வேண்டும். தாரை வார்த்தல் என்பது அதுதான். மச்சாள் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணியையும் குடித்துவிட்டு, தன் யோசனையைச் சொன்னார்.

"நேசம், குறை நினையாதை. தாரை வாக்கிறதை நானும் என்ரை மனுசனும் செய்யிறம். நீ முன்வரிசையிலை வடிவா இருந்து பார். பொம்பிளையின்ரை கழுத்தையும் பிடிச்சு அமுக்கினாயெண்டால் என்ன செய்யிறது? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தானே."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அரண்டவனைப் பற்றி ஊருக்கு ஒரு பழமொழி இருக்கிறது. அவன் ஏன் அரண்டான் என்று கேட்க ஊருக்கு நேரமில்லை. "என்ரை பிள்ளைக்கு நான் உயிரோடை இருக்கேக்கை இன்னொருத்தி தண்ணி வாக்கிறதோ?" என்று கத்தினேன். மச்சாள் எழும்பிப் போய்விட்டார். ஆனால் அவர் சொன்னதில் இருந்த பயம் எனக்கும் இருந்தது. அமுக்கிப் பிடிக்கிற இந்தக் கையை நானே நம்பவில்லை.

துளசி ட்ரோனையே வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றாள். மாப்பிள்ளையும் ஓம் என்றுவிட்டார். நான்தான் விடவில்லை. இந்தக் கலியாணத்தில் நிற்பாட்டலாம். பக்கத்து வீட்டுக் கலியாணத்தில்? பேரப்பிள்ளையின் பிறந்தநாளில்? ஊரில் உள்ளதெல்லாவற்றையும் நிற்பாட்டித் திரிய ஏலுமா? கடைசியில் மாப்பிள்ளை வந்து இறங்கும்போது வெளியில் மட்டும் பறக்கவிடுவது, பிறகு மூடிவைப்பது என்று பேசிக்கொண்டோம்.

அதற்கு என்னைத் தயார்ப்படுத்த உளவளத்துணையாளர் (குளிசை கொடுக்காமல் கதைத்தும் பயிற்சி தந்தும் உதவுகிறவர்) ஒருவரிடம் அனுப்பினார்கள். படிப்படியாக முகங்கொடுக்கும் சிகிச்சை என்றார் (பயப்படுகிற ஒன்றைச் சிறிய அளவில் தொடங்கித் திரும்பத் திரும்ப மூளைக்குக் காட்டி, "இதனால் ஒன்றும் நடக்காது" என்று பழக்குவது). மில் நிற்பாட்டிய பிறகு, துளசி போனில் ட்ரோன் சத்தத்தை நுளம்பு (கொசு) இரைவதுபோல் மெல்லமாகப் போட்டுக் காட்ட வேண்டும். நான் மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு இருக்க வேண்டும்.

முதல் நாள் போனைப் பறித்து எறிந்துவிட்டேன். அது அரிசிமாப் பெட்டிக்குள் போய் விழுந்தது. என் கணவர் மாவைச் சலிக்கிற அரிதட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

பயம் வரும்போது இன்றைய திகதி, நிற்கிற இடம், பக்கத்தில் இருக்கிறவர்களின் பெயர் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லச் சொன்னார் அந்தத் துணையாளர். "இதைத்தானே எங்கடை ஐயர் சங்கற்பத்திலை சொல்லுறவர்? இன்ன வருசம், இன்ன மாதம், இன்ன திதி எண்டு" என்றேன். அவரும், "ஓம் அம்மா, அதே வேலைதான்" என்றார். சாமிக்குத் திகதி தெரியாதா என்று சின்னனில் நான் கேட்டு அடி வாங்கியிருக்கிறேன். திகதி தெரியாமல் இருந்தது சாமிக்கு இல்லை என்று இப்போது விளங்குகிறது.

சத்தத்தைக் கூட்டினோம். தேங்காய் துருவும்போது கேட்டேன், மரக்கறி வெட்டும்போது கேட்டேன். ஒரு நாள் நல்லாக இருக்கும். மறுநாள் ஒரு காரணமும் இல்லாமல் உடம்பெல்லாம் நடுங்கும். முன்னேற்றம் ஒரு நேர்க்கோட்டில் போகாது என்று எல்லோரும் சொன்னார்கள். அதை அத்தனை சிரித்த முகத்தோடு ஏன் சொல்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. இன்னொரு கூட்டம் "எல்லாத்தையும் மறவுங்கோ" என்று சொல்லும். மறக்கிறதா? நானா அதை நினைக்கிறேன்? அதுவாக அல்லவா என்னை நினைத்துக்கொண்டு வருகிறது.

வீடியோக்காரரின் கடைக்கும் போனேன். அந்தச் சாமானைக் கையில் வாங்கிப் பார்த்தேன். எங்கள் அரிதட்டைவிடப் பாரம் குறைவு. பக்கத்து வளவில் பறக்கவிட்டுக் காட்டினார். கணவரின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். விழவில்லை. அவருடைய கையில் என் நகம் பதிந்து கிடந்தது.

கலியாணத்தன்று மாப்பிள்ளை வந்து இறங்கும்போது ட்ரோன் பறந்தது. நான் மண்டபத்துக்குள்ளேயே நின்று வேலையோடு வேலையாகச் சமாளித்துவிட்டேன். பிறகு அதை மூடிவைத்தார்கள். சரி, கண்டம் தப்பியது என்று நினைத்தேன். நினைக்கலாமா?

தாரை வார்க்கிற நேரம். என் கணவர் துளசியின் கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைத்துவிட்டார். நான் செம்பைத் தூக்கினேன். ஐயர் மைக்கில் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் நண்பர்கள் யாரோ இந்தக் காட்சியை மேலிருந்து எடுத்தால் நல்லது என்று வீடியோக்காரரிடம் கேட்டிருக்கிறார்கள். எங்களுக்கிடையில் பேசிய பேச்சு அவர்களுக்குத் தெரியாது. மண்டபத்துக் கூரைக்குக் கீழே அது இரைந்துகொண்டு உள்ளே வந்தது.

உள்ளங்கை வேர்த்தது. காது அடைத்தது. எனக்கு முன்னால் துளசியின் பிடரி, அதில் பூமாலை. என் இடது கை அதை நோக்கி எழும்பியதை நான் கண்ணால் கண்டேன். முன்வரிசையில் மச்சாள் கதிரையை விட்டு எழும்பினார். துளசி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஓடவில்லை. தலையை விலக்கவும் இல்லை.

எனக்கு வந்தது பயத்தைவிடப் பெரிய ஆத்திரம். பாதாம் பருப்பளவு சாமானிடம் இதையும் பறிகொடுப்பதா?

"சும்மா கிட!" என்றேன். "இது வன்னியில்லை. இது துளசியின்ரை கலியாணம். நான் தண்ணி வாக்க வேணும். பொத்திக்கொண்டு கிட!"

ஐயரின் மைக் எனக்குப் பக்கத்தில் இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார். மாப்பிள்ளையின் தாய், தன்னைத்தான் ஏசுகிறேன் என்று நினைத்து வாயில் கையை வைத்தார். என் கணவர் மட்டும் திரும்பாமல், "சொல்லுங்கோ ஐயா, அவ தன்ரை அலுவலைப் பாக்கிறா" என்றார்.

எழும்பிய இடது கையைக் கொண்டுவந்து செம்பில் வைத்தேன். தண்ணீர் நேராக விழவில்லை. மாப்பிள்ளையின் பட்டுச் சட்டை நனைந்தது, துளசியின் மடி நனைந்தது. என் கண் செம்பின் வாயை விட்டு அசையவில்லை. இந்தத் தண்ணீர் இந்தக் கைகளில் விழ வேண்டும், அதைத் தவிர வேறு ஒன்றும் எனக்கு வேண்டாம் என்று சரித்துக்கொண்டே இருந்தேன்.

"காணும் அம்மா, போதும். தண்ணி எப்பவோ முடிஞ்சுது" என்றார் ஐயர்.

வெறுஞ்செம்பைச் சரித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். துளசி அழுதுகொண்டு சிரித்தாள். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். கூரைக்குக் கீழே ஒன்றும் இல்லை.

அது எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. வன்னியில் அது போகிற கணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கணத்தைத் தவறவிட்டால் உயிர் போய்விடும். அதற்குப் பிறகும் இத்தனை வருடமாக, மில்லுக்குள் நின்றாலும் நித்திரையில் கிடந்தாலும், என் உடம்பு அதையே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. அன்றைக்கு அது போனதை நான் கேட்கவில்லை. என் பிள்ளைக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டு இருந்தேன்.